முதல் எலும்பு

ஒத்தப்புளியம்பட்டி,
1938, புரட்டாசி 16, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளை காசிமாயனுக்கு,

மச்சான் விருமாண்டி என் கையாலேயே எழுதுவது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மேலே இருக்கிற வரியை இன்னொரு தடவை படி. ஆமாம், என் கையாலேயே. இங்கே நானும் இருளாயியும் இரண்டு மாடுகளும் நலம். என் முழங்கால் மட்டும் நலம் இல்லை. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அங்கே நீயும் என் தங்கை மாயக்காளும் எப்படி இருக்கிறீர்கள்?

நம் ஊர்ச் சாவடியில் வாத்தியார் வெள்ளைத்துரை பெரியவர்களுக்கென்று பள்ளிக்கூடம் நடத்துகிறார். சித்திரையிலிருந்து போகிறேன். இப்போது எல்லா எழுத்தும் வருகிறது. எழுதும்போது நாக்கும் கூடவே வெளியே வந்துவிடுகிறது. அதை உள்ளே இழுத்தால் கை நின்றுவிடுகிறது. 'ஞ' என்ற எழுத்து எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஆனால் அந்த எழுத்தில் தொடங்குகிற சாமான் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லை. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று காத்திருந்து எழுதுகிறேன்.

"இந்த வயசுல எதுக்குண்ணே எழுத்து?" என்று ஊரில் எல்லாரும் கேட்டார்கள். "எமனுக்குக் கடுதாசி போடணும். இப்பத்திக்கு வர வேணாமுன்னு சொல்லணும்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை உனக்கு மட்டும். இதுவரை என் கடிதங்களை மளிகைக் கடைக்காரர்தான் எழுதினார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவார். கடைக்கு வந்தவர்கள் எல்லாம் நின்று கேட்பார்கள். இந்தச் செய்தியை அப்படி அனுப்ப முடியாது. சித்திரையில் பல் ஆடத் தொடங்கியதும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டேன். ஆவணியில் சோளக்கதிர் கடித்தபோது முன்னால் இருந்த கடைசி இரண்டும் கதிரோடு போய்விட்டன. இப்போது பின்பக்கம் ஒரே ஒரு பல் இருக்கிறது. எதிரே பல் இல்லாததால் அதற்கு வேலையும் இல்லை. மில்லில் காவல் வேலை பார்த்து ஓய்வு வாங்கிய உன்னைப் போல அது பாட்டுக்கு நிற்கிறது.

சிவராத்திரியை ஒட்டி மாசிப் பச்சைக் கும்பிடு வருகிறதே, மாப்பிள்ளை. உனக்குத் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். எழுத வருகிறதே என்ற சந்தோஷம். நம் கருப்பு கோயிலில் கிடா வெட்டி, பங்காளிகள் பந்தியில் உட்கார்ந்ததும், மூத்த பங்காளியான என் இலையில் முதல் நெஞ்செலும்பு விழும். நான் அதைக் கடித்து உடைக்க வேண்டும். என் பின்னால் நிற்கிற மாப்பிள்ளை நீ, சத்தத்தைக் கேட்டு, "எலும்பு விழுந்துச்சு! கை வைங்கப்பா!" என்று கூவ வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சோற்றில் கை வைப்பார்கள். என்னால் உடைக்க முடியவில்லை என்றால் முதல் இலை அடுத்தவனுக்குப் போய்விடும். அந்த அடுத்தவன் யார்? என் சித்தப்பா மகன் நல்லகாமன். இப்போதே வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றுதான் பல் விளக்குகிறான்.

நான் கஞ்சி வரிசைக்குப் போகமாட்டேன். பல் போன கிழவர்களை அங்கே உட்காரவைத்துக் குழைந்த சோறு போடுவார்கள். அத்தோடு யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். மதுரையில் பல் கட்டித் தருகிறார்களாமே, எனக்கு ஒரு செட்டு வாங்கி அனுப்பு. வாயைத் துண்டால் மூடிக்கொண்டு நடக்கிறேன். ஊர், எனக்குச் சளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

உன் பதிலை நானே படிப்பேன். யாரிடமும் கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
மச்சான் விருமாண்டி


ஆரப்பாளையம், மதுரை,
புரட்டாசி 24

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

மாப்பிள்ளை காசிமாயன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். உங்கள் முழங்காலையும் சேர்த்தே விசாரிக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மாயக்காள் என் கையிலிருந்து பிடுங்கி, தலைகீழாகப் பிடித்து, "எங்கண்ணன் எழுத்தப் பாரு, முத்து முத்தா இருக்கு" என்றாள். நேராகப் பிடித்தாலும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் உழுத காட்டில் நடந்துபோகிற ஆள் மாதிரி மேடு பள்ளம் பார்த்துக் கால் வைத்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு ஏதோவும் வந்தது. மச்சான் கையெழுத்தைப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

பல் விஷயம் விசாரித்துவிட்டேன். கோட்டைச் சுவர்ப் பக்கம் ஒருவர் பல் கட்டுகிறார். நாற்காலியில் சாயவைத்து, மெழுகை இளக்கி வாயில் வைத்து அளவு எடுப்பாராம். "ஆள் எங்கே?" என்றார். "ஊரில் இருக்கிறார்" என்றேன். "அப்படியென்றால் பல்லும் ஊரிலேயே இருக்கட்டும்" என்றார். சட்டைக்கு அளவு கொடுக்க எப்படி ஆளே வர வேண்டுமோ அப்படித்தானாம். ஆகவே ஒரு நாள் பஸ் ஏறி வாருங்கள். மாயக்காள் கோழி அடிப்பதாகச் சொல்கிறாள். பிறகு யோசித்து, பருப்பு கடைவதாகச் சொல்கிறாள்.

முதல் இலையை நல்லகாமனுக்கு விட வேண்டாம். அவன் எலும்பைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு பின்னால் நின்று கூவ எனக்கு விருப்பம் இல்லை.

தங்கள்,
காசிமாயன்


ஒத்தப்புளியம்பட்டி,
ஐப்பசி 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். மழை இறங்கியிருக்கிறது. உன் உடம்பும் மாயக்காள் உடம்பும் எப்படி?

உன் கடிதத்தை முழுசும் நானே படித்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் முடிந்தது. நடுவில் சிரித்ததில் கொஞ்ச நேரம் வீணாயிற்று.

பஸ்ஸில் வர முடியாது. நல்லகாமன் வெற்றிலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு நாள் தவறாமல் அதே பஸ்ஸில் மதுரைக்குப் போகிறான். எதிரே உட்கார்ந்து, "என்னண்ணே வாயில துண்டு? பேச்செல்லாம் காத்தாப் போகுது?" என்பான். மெழுகு எதற்கு, மண் போதாதா என்று நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கண்மாயிலிருந்து களிமண் எடுத்துவந்து, கல் இல்லாமல் பிசைந்து, உருண்டை பிடித்து வாயில் வைத்து அமுக்கினேன். பிறகு நிழலில் காயவைத்து அடுப்புச் சூட்டில் வாட்டினேன். இருளாயி பார்த்துக்கொண்டே இருந்தாள். "பல்லு இருந்த காலத்துல மட்டும் என்னத்தக் கடிச்சீக, என்னையத் தவிர?" என்றாள்.

அந்த உருண்டையை மஞ்சள் துணியில் முடிந்து, தட்டைப்பயற்றுப் பையில் வைத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். அவன் பிரித்துப் பார்த்துவிடக் கூடாதே என்று, "கோயில் மண்ணுப்பா, பாத்துக் கொண்டுபோ" என்று சொல்லிவிட்டேன். அதைக் காட்டி அளவு கொடு.

உன் புத்திசாலி மச்சான்,
விருமாண்டி


ஆரப்பாளையம்,
ஐப்பசி 21

மரியாதைக்குரிய புத்திசாலி மச்சான் அவர்களுக்கு,

இங்கே நலம். அங்கே நலமாக இருக்கிறீர்கள் என்று கடிதத்திலிருந்தே தெரிகிறது.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பை வந்துவிட்டது. நான் வீட்டில் இல்லை. கண்டக்டர் பையை மாயக்காளிடம் கொடுத்து, "கோயில் மண்ணும்மா" என்று சொல்லியிருக்கிறார். அவள் என்ன நினைப்பாள்? இங்கே சாமி கும்பிட, கருப்பு கோயிலிலிருந்து அண்ணன் பிடிமண் எடுத்து அனுப்பிவிட்டான் என்று நினைத்துவிட்டாள். நான் வந்து பார்த்தால் மாடத்தைக் கழுவி, கோலம் போட்டு, நடுவில் உங்கள் வாயை வைத்து, பூவும் விபூதியும் சாத்தி, சூடம் காட்டிக்கொண்டிருக்கிறாள். "கும்பிட்டுக்கங்க. இம்புட்டு நாளா நான் கேட்டும் நீங்க போயி எடுத்துட்டு வரல, எங்கண்ணன் அனுப்பிருச்சு பாருங்க" என்றாள். நானும் விழுந்து கும்பிட்டேன், மச்சான். அடுத்த வீட்டுக்காரர் வந்து, தன் மகளுக்குக் கல்யாணம் கூட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. அதைப் படித்துக் காட்டினேன். மாயக்காள் மாடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆனாலும் மூத்த அண்ணன்தான, கும்பிட்டதுல ஒண்ணும் தப்பில்ல" என்று பிறகு சொன்னாள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு நேற்று மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டுப் போனார்கள்.

பல் கட்டுகிறவரிடம் உருண்டையைக் கொண்டுபோனேன். காயும்போது மண் சுருங்கிவிடுமாம். இந்த அளவுக்குக் கட்டினால் தொட்டில் பிள்ளைக்குத்தான் சேரும் என்றார். நீங்கள் வந்தே ஆக வேண்டும். கார்த்திகைக்குள் வாருங்கள். நானே பஸ்ஸுக்கு வந்து அழைத்துப் போகிறேன்.

எழுதும்போது பேனா இரண்டு தடவை நழுவி மை கொட்டிவிட்டது. மன்னிக்கவும். பனிக்குக் கை மரத்துப்போகிறது.

தங்கள்,
காசிமாயன்


ஒத்தப்புளியம்பட்டி,
கார்த்திகை 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். நலம் அறிய ஆவல். என் வாய்க்குப் பூசை நடந்ததை இருளாயிக்குப் படித்துக் காட்டினேன். அன்று முழுக்க என்னைப் பார்க்கிறபோதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வருகிறேன். முடிவு செய்துவிட்டேன். நல்லகாமன் கேட்டால் அழகர்கோவிலுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். வருகிற வெள்ளிக்கிழமை நீ பஸ்ஸுக்கு வருவாயா? எழுது.

விருமாண்டி


ஒத்தப்புளியம்பட்டி,
கார்த்திகை 23

மாப்பிள்ளைக்கு,

இங்கே நலம். அங்கே?

வெள்ளிக்கிழமை போயிற்று. அடுத்த வெள்ளியும் போயிற்று. தபால்காரர் நம் தெருவுக்குள் வரும்போது எழுந்து நிற்கிறேன். அவர் போன பிறகு உட்காருகிறேன். கோபமா? மண் உருண்டையை அனுப்பியதற்காகவா? எழுதத் தெரியாமல் இருந்தவரை பதில் வராததைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. இப்போது அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

விருமாண்டி


ஆரப்பாளையம்,
மார்கழி 7

மச்சானுக்கு.

நலம். கோபம் இல்லை. என் வலது கை லீவு கேட்டது. இத்தனை வருஷம் உழைத்ததே என்று கொடுத்துவிட்டேன். அதனால் தாமதம். மாயக்காள் சௌக்கியம். நிறையப் பேசுகிறாள். நான் கேட்டுக்கொள்கிறேன். பல்லுக்கு அவசரம். மாசி வருகிறது.

காசி


ஒத்தப்புளியம்பட்டி,
மார்கழி 10

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்ததும் துள்ளிக் குதித்தேன். முழங்கால்கூடக் குதித்தது. பிரித்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் கோணல் மாணல், வரி மேலே ஏறிக் கீழே இறங்குகிறது. எனக்கு ஒரே சந்தோஷம். "ஏய் இருளாயி, மில்லுல கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்குன மாப்ளய விட இப்ப நான் நல்லா எழுதுறேன்" என்று கத்தினேன். அவள் அடுப்படியிலிருந்து வந்து தாளை வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாத அவள் எழுத்தை மட்டும் பார்த்தாள். "சிரிக்கிறத நிப்பாட்டுங்க. எந்தக் கையில எழுதிருக்காரு?" என்றாள்.

அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன். நல்லகாமன் எதிரே உட்கார்ந்தாலும் சரி. இந்தக் கடிதம் உனக்கு வருவதற்குள் நான் வந்துவிடுவேன். ஆனாலும் எழுதுகிறேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

விருமாண்டி


ஒத்தப்புளியம்பட்டி,
தை 5

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே நலம். அங்கே உன் கை, கால், வாய் மூன்றையும் தனித்தனியாக விசாரிக்கிறேன்.

உன் வீட்டில் இருந்த நாட்களை நினைத்து இங்கே தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். உன் வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. என் வாய் இரண்டு பக்கமும் உள்ளே போயிருந்தது. நீ பேசினது எனக்குப் பாதிதான் விளங்கியது. நான் பேசினது உனக்கும் பாதிதான் விளங்கியிருக்கும். ஆனாலும் பொழுது போனதே தெரியவில்லை. மாயக்காள் ஒரே சட்டியில் சோற்றைக் குழைத்து இருவருக்கும் போட்டுவிட்டு, "ரெண்டு பேரையும் சேத்தா முழுசா ஒரு ஆளு தேறும்" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் வெகு நேரம் வெளியே வரவில்லை.

பல் கட்டுகிறவரிடம் போகச் சொல்லி ஒவ்வொரு நாளும் கையைக் காட்டிக்கொண்டே இருந்தாய். நான் போகவில்லை. போக நேரமா இல்லை? உன் பக்கத்திலிருந்து எழுந்திருக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கடிக்க எனக்குப் பல் இல்லை. கூவ உன்னால் வர முடியாது. நேற்று நல்லகாமன் வந்து, "அண்ணே, மாப்ளைக்கும் சொகமில்லயாம்ல. இந்த வருசம் நீங்க ஓய்வா உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்றான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் 'ஓய்வா' என்று சொன்னபோது கண் கஞ்சி வரிசை இருக்கிற பக்கம் போயிற்று. விட்டுவிடலாமா, மாப்பிள்ளை? நீ சொல்.

விருமாண்டி


ஆரப்பாளையம்,
தை 21

மச்சானுக்கு.

நலம். கால் நடக்கிறது. கதவு வரை.

விடக்கூடாது.

என் பாக்கு உரலை மாயக்காளிடம் கொடுத்து அனுப்புகிறேன். வெண்கலம். அதில் வெற்றிலை பாக்கு இடித்துப் போட்டுத்தான் இந்த ஐந்து வருஷமாக வண்டி ஓடுகிறது. எனக்கும் பல் இல்லை. கடைவாயில் ஒன்றும் இல்லை. உங்களிடம் சொல்லவில்லை. கூவுகிறவனுக்குப் பல் எதற்கு என்று யாரும் பார்க்கவில்லை.

வலது கை லீவில் இருப்பதால் உரல் சும்மா கிடக்கிறது. எலும்பை அதில் போட்டு இடியுங்கள். எல்லார் முன்னாலும். துண்டை எடுத்துவிட்டு.

கூவ ஆள் வரும்.

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. நாக்கு வெளியே வந்துவிட்டது. நீங்கள் சொன்னது சரிதான்.

காசி


ஒத்தப்புளியம்பட்டி,
மாசி 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே நான், இருளாயி, மாடுகள், முழங்கால் எல்லாரும் நலம். நீ கதவைத் தாண்டிவிட்டாய் என்று மாயக்காள் சொன்னாள். தெருமுனை வரை போனதும் எழுது.

மாயக்காள் வந்து எல்லாம் சொல்லியிருப்பாள். ஆனால் அவள் தன் பங்கைக் குறைத்துச் சொல்வாள். அதனால் நடந்தது நடந்தபடி நான் எழுதுகிறேன். நீளமாக இருக்கும். இருக்கட்டும், எழுதத்தானே கற்றுக்கொண்டேன்.

சிவராத்திரிக்கு மறுநாள் உச்சி வேளையில் பந்தி உட்கார்ந்தது. முதல் இலையில் நான், அடுத்த இலையில் நல்லகாமன். எதிரே மர நிழலில் கஞ்சி வரிசை. பூசாரி வந்து என் இலையில் நெஞ்செலும்பை வைத்தார். எல்லாருடைய கண்ணும் எனக்குப் பின்னால் போயிற்று. நீ நிற்கிற இடம் வெறுமையாக இருந்தது.

நல்லகாமன் குனிந்து, "அண்ணே, கூவ மாப்ள இல்ல. இலையை இங்கிட்டு நகட்டுங்க, நான் முடிச்சு விட்டுர்றேன். சனம் பசியா இருக்கு" என்றான்.

நான் வாயிலிருந்து துண்டை எடுத்தேன். எடுத்து மடியில் போட்டுவிட்டு, வாயை நன்றாகத் திறந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டினேன். "பாத்துக்கங்கப்பா. ஒண்ணத் தவிர அம்புட்டும் போயிருச்சு. சளியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன்.

பந்தியின் கடைசியில் யாரோ ஒருவன் சிரித்தான். அது அப்படியே வரிசை வரிசையாக ஏறி வந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஆறு மாதமாகத் துண்டுக்குள் சிரித்தவனுக்கு, வாய் நிறையக் காற்று வாங்கிச் சிரித்தது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? சிரிப்பு அடங்குவதற்குள் இடுப்பிலிருந்து உன் உரலை எடுத்து இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

நல்லகாமன் எழுந்து நின்றுவிட்டான். "என்னண்ணே இது? சாமி காரியமா, வெத்தல போடுற எடமா? காலங்காலமாப் பல்லாலதான ஒடைக்கிறது!"

"ஏண்டா நல்லகாமா, நீ பூமியப் பல்லாலயா உழுகுற? கலப்பய வச்சுத்தான உழுகுற? வெளையிற நெல்லு உன் நெல்லு இல்லன்னு எவனாச்சும் சொன்னானா?" என்று கேட்டேன்.

கஞ்சி வரிசையிலிருந்து, "அப்புடிப் போடு!" என்று ஒரு குரல் வந்தது. அந்த வரிசையிலிருந்து பல வருஷமாக ஒரு சொல்லும் வந்ததில்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நல்லகாமன் விடவில்லை. "சரி, இடிங்க. கூவுறது யாரு? மாப்ளதான கூவணும்?"

அப்போதுதான் பெண்கள் கூட்டத்துக்குள்ளிருந்து மாயக்காள் நடந்து வந்தாள். அவசரப்படவில்லை. வந்து நீ நிற்கிற இடத்தில், சரியாக அதே இடத்தில் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நான் கூவுறேன்."

"பொம்பளயா?" என்று நல்லகாமன் கேட்டான்.

"ஏன், அந்த மனுசன் வாயில வந்ததுல பாதி நான் சொல்லிக் குடுத்ததுதான். இன்னிக்கு முழுசா நானே சொல்லிட்டுப் போறேன். அவரு அனுப்பித்தான் வந்திருக்கேன். உங்களுக்கு ஆகாதுன்னா ஆரப்பாளையத்துக்கு வந்து அவருகிட்டக் கேளுங்க. பதில் சொல்ல அவருக்குக் கொஞ்சம் நேரமாகும், உக்காந்து கேட்டுட்டு வாங்க."

நல்லகாமன் பூசாரியைப் பார்த்தான். பூசாரி சோற்றுக் குவியலைப் பார்த்தார். "கருப்பனுக்கு ஆட்சேபணை இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பான். சோறு ஆறுது, இடிங்கப்பா" என்றார். இத்தனை பேருடைய பசிக்கு முன்னால் நல்லகாமன் மட்டும் எத்தனை நேரம் நிற்பான்? உட்கார்ந்துவிட்டான்.

எலும்பை உரலில் போட்டேன். ஓங்கி ஒரே இடி. பல்லால் கடித்தால் 'கடக்' என்று வரும் சத்தம், வெண்கலத்தில் 'ணங்' என்று கோயில் மணி மாதிரி வந்தது. அந்தச் சத்தம் அடங்கவில்லை, அதற்குள் என் தலைக்கு மேலே மாயக்காள் குரல் எழும்பிற்று.

"எலும்பு விழுந்துச்சு! கை வைங்கப்பா!"

கண்மாயில் மேய்ந்த கொக்கெல்லாம் பறந்துபோயின, மாப்பிள்ளை. உன் குரல் ஒருநாளும் அவ்வளவு தூரம் போனதில்லை. கூவி முடிக்கும்வரை அவள் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. முடிந்த பிறகுதான் முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து எலும்புச் சாற்றை உறிஞ்சினேன். மிளகு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதனால் கண்ணில் தண்ணீர்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கஞ்சி வரிசையிலிருந்து ஒரு கை நீண்டது. "அந்த உரல இங்கிட்டுத் தள்ளு." தள்ளினேன். ஒருவர் இடித்தார், அடுத்தவரிடம் கொடுத்தார். அங்கே ணங், இங்கே ணங். குழைந்த சோறு கேட்பாரற்றுக் கிடந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு எலும்பு தின்கிற கிழவர்கள், மடியெல்லாம் குழம்பாக, ஒருவர் மேல் ஒருவர் குறை சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பந்தியிலேயே அதிகச் சத்தம் அவர்கள் வரிசையில்தான்.

இனி எழுதுவது உனக்கு மட்டும். மளிகைக் கடைக்காரர் எழுதுகிற காலமாக இருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். கை கழுவுகிற இடத்தில் நல்லகாமன் என் பக்கத்தில் வந்து நின்றான். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டான். "அண்ணே, கடவாயி ரெண்டும் கார்த்திகையிலருந்து என்னையத் தூங்க விடல. வேப்பங்குச்சியெல்லாம் சும்மா வெளிக்குத்தான். அந்த உரலக் கொஞ்சம் குடுத்து வைங்க, நாளைக்குத் தந்துர்றேன்" என்றான். நான் சிரிக்கவில்லை. கருப்பன் மேல் ஆணை, சிரிக்கவில்லை. மடியில் கட்டிக்கொண்டு போனான். நாளைக்கு என்றான், இன்றைக்குக் கேட்டாலும் நாளைக்கு என்கிறான்.

அடுத்த மாசிக்கு நீ வந்து நிற்க வேண்டும். மாயக்காள் கூவினதை ஊர் முழுக்க மெச்சுகிறது. நீ வராவிட்டால் உன் வேலை போய்விடும், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

முதல் இலைக்காரன்,
உன் மச்சான் விருமாண்டி


ஆரப்பாளையம்,
மாசி 26

மச்சானுக்கு.

நலம். தெருமுனை வரை போனேன். திரும்பியும் வந்தேன்.

உங்கள் கடிதத்தை மாயக்காள் நான்கு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். கொக்கு பறந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நிறுத்தச் சொன்னாள். அவள் கொக்கைப் பற்றி எனக்குச் சொல்லவில்லை.

நல்லகாமனிடமிருந்து உரலைப் பிடுங்கி அடுத்த பஸ்ஸில் அனுப்புங்கள். கோயில் மண் என்று சொல்லாதீர்கள். இடது கையால் இடித்துப் பழகிக்கொள்கிறேன். வெற்றிலை போட்டு மூன்று மாதம் ஆகிறது.

அவனுக்கு வேறு உரல் வாங்கித் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

வேலை போகாது. காலையில் எழுந்ததும் கூவிப் பழகுகிறேன். முதல் நாள் அடுத்த வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். இப்போது வருவதில்லை. 'எலும்பு' வந்துவிட்டது. 'விழுந்துச்சு' பாதியில் நிற்கிறது. அடுத்த மாசிக்கு இன்னும் நாள் கிடக்கிறது, மச்சான்.

காசி